சிக்ராவைப் பழக்கியவர்

“இது எங்க வீட்டுக் குதிரைய்யா! என் கையால அடிவாங்கி வளர்ந்தது!” என்று கூவிக்கொண்டே வந்தார் ஆம்ப்ருஷ். ஒரு கையில் பூண்டு தடவிய பொரித்த ரொட்டி. எண்ணெய் மணிக்கட்டுவரை வழிந்துகொண்டிருந்தது.

வண்டியில் பூட்டி நின்ற செம்பழுப்புப் பெண்குதிரையின் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. அந்த எண்ணெய் விரலாலேயே கோட்டை நீவிவிட்டு, மிச்சத்தைப் பிடரி மயிரில் துடைத்துக்கொண்டார்.

பொரோக்கா ஓட்டப்போகும் முதல் குதிரைவண்டிப் போட்டி இது. விடியலிலிருந்து வாரி வாரிப் பளபளக்க வைத்த பிடரி. ஈரத்துணியால் மறுபடி துடைத்தாள்.

ஆம்ப்ருஷ் சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். “ஒன்றரை வருஷம் முன்னாடி கசாப்புக்கு அனுப்ப இருந்தேன். இந்தப் பொண்ணு வந்து கெஞ்சிச்சு, குடுத்துட்டேன். தீப்பொறி மாதிரி இருக்கும்னு சிக்ரான்னு நான் பேரு வச்சேன். இவ என்னடான்னா ‘பில்லெ’ன்னு கூப்பிடுறா. பட்டாம்பூச்சியாம்!”

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“பழக்குறது லேசில்ல. பின்னங்கால்ல, முட்டிக்கு மேல, ஒரே இடத்துல போடணும். புண்ணு ஆறுறதுக்குள்ள மறுபடியும் அதே இடத்துல. அப்பதான் மறக்காது.”

பொரோக்கா கடிவாள வாரை இறுகப் பிடித்தாள். அந்தப் புண்ணில் புழு எடுத்தவள் அவள்தான். நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

“சவுக்கைக் கண்டாலே கிடுகிடுன்னு நடுங்குவா!” ஆம்ப்ருஷ் பக்கத்து வண்டியிலிருந்த சவுக்கை உருவி, குதிரையின் முகத்துக்கு நேரே ஓங்கினார். அது காதைக்கூட அசைக்காமல் அவருடைய ரொட்டியை மோந்து பார்த்தது.

“பாருங்க, எசமானை மறக்கல!” என்றார் பூரிப்போடு.

வண்டியின் பின்பலகையில் ஏறி நின்ற வெண்டெல், பொரோக்காவின் கணவன், பல்லைக் கடித்தான். “சொல்லிடேன்டி. இந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு.”

“இப்ப வாயைத் திறந்தா எனக்கு அழுகை வந்துடும். முதல்ல ஓட்டி முடிக்கிறேன்.”

மணி அடித்தது.

குதிரையைச் சீராக நடத்திக் காட்டும் காலைச் சுற்றில் ஒருமுறை திசை மாறிப்போய், திரும்பி வந்து சேர்ந்தாள். கூம்புகளுக்கு நடுவே ஓட்டியபோது அவற்றின் உச்சியில் வைத்திருந்த பந்துகளில் ஒன்றே ஒன்று விழுந்தது. “என் கையில வார் இருந்திருந்தா அதுவும் விழுந்திருக்காது!” என்று வேலியோரத்திலிருந்து சத்தம் வந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மதியம் தடை ஓட்டம். கடைசித் தடை தண்ணீர். முன்னால் போன இரண்டு வண்டிகளின் குதிரைகள் அங்கே மிரண்டு நின்றுவிட்டன. பொரோக்கா வாரைச் சற்றுத் தளர்த்தினாள்.

“போடி என் கண்ணு, போ” என்றாள் மெதுவாக.

குதிரை தண்ணீரை ஒரு கணம் பார்த்தது. பிறகு மார்பு உயரத்துக்குச் சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது. வளைவில் வண்டி சாய, வெண்டெல் மறுபக்கம் உடம்பை எறிந்து நிமிர்த்தினான். கரையேறியபோது மூவரும் ஒரே நிறத்தில் இருந்தார்கள்.

புதியவர்களில் மூன்றாம் இடம்.

குதிரைக்குப் பரிசு ரிப்பன் கட்டும்போது ஆம்ப்ருஷ் மேடையில் ஏறிவிட்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அறிவிப்பாளர் சங்கடத்தோடு பொரோக்காவைப் பார்த்தார். “குதிரையைப் பழக்கினவராம். ரெண்டு வார்த்தை பேசணுங்கிறாரு...”

வெண்டெல் வண்டியிலிருந்து குதிக்கப் போனான். பொரோக்கா அவன் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பேசட்டும்ங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

ஆம்ப்ருஷ் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். “தண்ணியில எப்படிப் பாய்ஞ்சா பார்த்தீங்களா? அது என் வேலை! மண்டையைப் பிளக்குற வெயில்ல ரெண்டு நாள் சொட்டுத் தண்ணி காட்டல. அப்புறம் வாளியைக் கொண்டுபோய் முன்னால வச்சேன். வாய் வைக்கும்போது வச்சேன் பாருங்க, தடியால ஒண்ணு!”

அவரே சிரித்தார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் பியர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவராக வந்திருந்த அம்மாள், அழுகின பண்டத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

ஆம்ப்ருஷ் எதையும் கவனிக்கவில்லை. “கால்ல சங்கிலி போட்டு நிறுத்தினேன். எழுந்திரிக்க முடியாம கிடந்தப்பவும் விடல. அந்த அடியெல்லாம் இல்லேன்னா இன்னிக்கு இந்த ரிப்பன் ஏது? சொல்லும்மா, நீயே சொல்லு!”

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். கைப்பிடியில் எண்ணெய் பிசுபிசுத்தது. பொரோக்கா அதைத் துடைக்காமலே வாங்கினாள். முகத்தில் காய்ந்த சேறு வெடித்திருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

“இது வேற குதிரை. உங்க சிக்ரா எங்க வீட்டுக்கு வந்த மூணாம் வாரமே செத்துப்போச்சு.”