சோபா நடுங்கிய நேரம்

சோபா திடீரென்று நடுங்கத் தொடங்கியது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. டீவியில் யாரோ இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உட்கார்ந்திருந்த இடம் அதிர்ந்தது. காலடிப் பலகை கிடுகிடுத்தது. பிளேன்டீக் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"மலை வருதும்மா! மலை வருது!"

பலகாரத் தட்டோடு நின்ற வேலைக்கார அழகம்மா, தட்டைப் போட்டுவிட்டு அலறினாள்.

ஹந்தானை மலைச் சரிவில் இருக்கும் வீடு. நாட்கணக்காக விடாத மழை. காலைச் செய்தியில்கூட மண்சரிவு எச்சரிக்கை சொல்லியிருந்தார்கள். யோசிக்க யாருக்கும் நேரமில்லை. றம்லத் எழுந்த வேகத்தில் வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ரோட்டுக்கே வந்துவிட்டாள். கணவனின் தங்கை ஸுமைராவும் அவள் புருஷன் அர்கமும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். மூன்று பேர் காலிலும் செருப்பில்லை.

மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால், மலை அசையவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

றம்லத்தின் கணவன் பஹ்மி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"வாங்க, வாங்க! மலை அங்கேயேதான் ஈக்கி!"

"என்னங்க இது?"

"பேஸ் ஷேக்கர், அதிர்ற மெஷின்! நீங்க உம்மா வீட்டுக்குப் போன நேரம் சோபாவுக்குக் கீழ பூட்டினேன். படத்துல குண்டு வெடிச்சா ஒங்கட எலும்பு வரைக்கும் தெரியும். சத்தத்தக் கொறச்சிட்டு அதிர்வ மட்டும் கூட்டிப் பாத்தேன். எப்பிடி?"

"நானா, ஒங்களுக்குப் பைத்தியமா? உசிரே போச்சு!" என்று அண்ணனைத் திட்டினாள் ஸுமைரா. சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

றம்லத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவனின் தோளில் இரண்டு அடி போட்டாள். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, இந்தச் சத்தத்தில் மகள் நுஹா முழித்திருப்பாளோ என்று பின்னறைக்குப் போனாள்.

தொட்டிலில் குழந்தை இல்லை.

போர்வையும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

"யா அல்லாஹ்! புள்ளயக் காணோம்!"

எல்லோரும் ஓடிவந்தார்கள். குசினி, குளியலறை, மாடி எல்லாம் பார்த்தாயிற்று. அழகம்மாவையும் காணவில்லை.

"நான் அப்பவே சென்னேன் மதினி," என்றாள் ஸுமைரா. "முன்னப்பின்னத் தெரியாத ஆள வீட்டோட வெச்சிக்கொள்ள வாணாம்னு சென்னேன். தூக்கிட்டுப் போக நேரம் பாத்து ஈந்திருக்கா!"

கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, குடியிருந்த லயம் புதைந்து போனதிலிருந்து அழகம்மா இவர்களோடுதான் இருந்தாள். மகனும் மருமகளும் மண்ணுக்குள் போய்விட்டதாக வந்த அன்று சொன்னாள். அதற்கு மேல் றம்லத் எதையும் கேட்டதில்லை. குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அழகம்மாவின் கண் கலங்கும். பாசம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"பொலிஸுக்குக் கோல் அடிங்க!" என்று கத்திக்கொண்டே பின்வாசலால் ஓடினாள்.

படியில் அழகம்மாவின் காலில் மிதிபட்ட பலகாரத் துணுக்குகள் கிடந்தன. குறுக்கு ஒழுங்கைப் பாதையால் ஏறி, வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். பஹ்மியும் அர்கமும் அழகம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

வளைவுக்கு அப்பால் கூரை போட்ட பஸ் ஹோல்ட். அதன் மூலையில் குந்தியிருந்தாள் அழகம்மா. சேலை முழுக்கச் சேறு. ஒரு முழங்கால் பிளந்து இரத்தம் வழிந்தது. அவள் மடியில், போர்வைக்குள், நுஹா விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். குழந்தைமேல் ஒரு சொட்டு மழை பட்டிருக்கவில்லை.

றம்லத் பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள். அதே வேகத்தில் மற்றக் கையால் அழகம்மாவின் கன்னத்தில் அறைந்தாள்.

"ஆரக் கேட்டு எங்கட புள்ளயத் தூக்கினாய்? எங்க கொண்டுபோகப் பாத்தாய்?"

அழகம்மா கன்னத்தைக்கூடத் தடவவில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாரும் உசுரோட இருக்கீங்களா? ஸுமைராம்மா எங்க? அவங்க தப்பிச்சிட்டாங்களா?"

றம்லத் பிள்ளையின் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள்.

"வீடு போயிருச்சாங்க முதலாளி?" என்று பஹ்மியிடம் கேட்டாள். அவளுடைய பற்கள் அடித்துக்கொண்டன.

பஹ்மி தரையைப் பார்த்தபடி, "மலை சரியவே இல்ல அழகம்மா. அது... ஒரு மெஷின். நான் சும்மா சிரிக்க, பகிடிக்குப் போட்டது" என்றான்.

அழகம்மாவுக்கு அது விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் நெஞ்சில் கைவைத்து, "அப்பாடா... ஒன்னும் ஆகலியா" என்று பெருமூச்சு விட்டாள்.

றம்லத்துக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"செரி, பயந்துதான் ஓடினாய். என்னக் கூப்பிட்டிருக்கலாந்தானே? பெத்தவ நான் ஈக்கிற நேரம், நீ ஏன் புள்ளயத் தூக்கினாய்?"

"கூப்பிட்டேம்மா, ரெண்டு மூனு தரம் கூப்பிட்டேன்," என்றாள் அழகம்மா. அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. "நீங்க திரும்பிப் பாக்காம ரோட்டுக்கு ஓடிட்டீங்க. உங்க ரெண்டு கையும் வெறுங்கையா இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தாம்மா நான் உள்ள போனேன்."