விரல் நுனி அளவு

காலை ஆறரை மணி. ஆபரேஷன் தியேட்டரில் ஈ, காக்கை இல்லை. நர்ஸ் சட்டைப் பையிலிருந்து சின்ன புட்டியை எடுத்தாள். மேஜை விளிம்பில் விரல் நுனி அளவு தடவினாள். விளக்கின் கைப்பிடியில் கொஞ்சம், கதவில் கொஞ்சம். காய்ந்ததும் தடவிய இடமே தெரியவில்லை.

மொத்தம் ஏழு இடம். ஒன்று விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

டாக்டர்மேல் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம். போன மாதம் மூன்று பேருக்குத் தையலில் சீழ் வைத்தது. தியேட்டர் துடைக்கும் அவள் அம்மாவைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி, “கையக் கழுவத் தெரியாதவங்களுக்குத் தியேட்டர்ல என்னம்மா வேலை?” என்று கேட்டார் அந்த மனுஷர். இருபது வருஷம் துடைத்தவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று விசாரணை. வேலை போனது போனதுதான் என்று ஆஸ்பத்திரியே பேசிக்கொண்டது.

‘இருங்க டாக்டர், இன்னைக்கு வச்சிருக்கேன் உங்களுக்கு.’

ஏழு மணிக்கு அம்மா வாளியும் துணியுமாக வந்து துடைத்துவிட்டுப் போனாள். பெற்றவளிடம்கூட மகள் மூச்சு விடவில்லை.

டாக்டர் வந்தார். கை கழுவும் தொட்டி மேடையில் போனை வைத்துவிட்டு உடை மாற்றப் போனார். புட்டியில் மிச்சமிருந்தது அந்தப் போனின் முதுகில் ஏறியது.

திரும்பி வந்தவர் முழங்கை வரை நுரைக்க நுரைக்கக் கழுவினார். முடித்த நேரம் போன் அடித்தது. எடுத்து, “சொல்லுங்க மேடம்... சரி மேடம்” என்று பேசிவிட்டு நேரே உள்ளே வந்து கையை நீட்டினார்.

“கிளவுஸ் குடும்மா. பேஷன்ட்ட வரச்சொல்லு.”

“ஒரு நிமிஷம் டாக்டர்” என்றாள் நர்ஸ்.

ஆஸ்பத்திரியின் சூப்பரின்டெண்டென்ட் மேடம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“விசாரணைய இங்கயே வச்சுக்கலாம். கை கழுவிட்டீங்களா டாக்டர்?”

“என்ன கேள்வி மேடம் இது? அஞ்சு நிமிஷம் தேச்சுக் கழுவிட்டு வரேன்!”

நர்ஸ் விளக்கை அணைத்து நீல டார்ச்சை அடித்தாள்.

“காலைல ஏழு இடத்துல ஒரு களிம்பு தடவினேன். ஒழுங்காத் துடைச்சா போயிடும். இல்லன்னா இந்த வெளிச்சத்துல மின்னும்.”

நோட்டைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். மேஜை, கைப்பிடி, கதவு, எங்கும் ஒரு பொட்டு மினுக்கம் இல்லை.

“எட்டாவதா உங்க போன்லயும் தடவினேன் டாக்டர்.”

டார்ச் திரும்பியது. டாக்டரின் ஐந்து விரலும் பளபளவென்று மின்னின.

ஒரு மாதமாக வாயே திறக்காத அம்மா, அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“கையக் கழுவத் தெரியாதவங்களுக்குத் தியேட்டர்ல என்ன வேலை டாக்டர்?”