சிந்திய பச்சை

ஸ்டாய்னா வேண்டுமென்றேதான் தட்டிவிட்டாள். ரலிட்சா அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

முழங்கை தெரியாமல் பட்டது போல ஒரு பாவனை. சோதனைக்குழாய்த் தட்டு அப்படியே தரையில் கவிழ்ந்தது. மூடி திறந்திருந்த குழாய்களில் இருந்த சில துளித் திரவம் அத்தனையும் சிந்திப் போயிற்று.

பேராசிரியர் ஹாஜியெவ் ஜெர்மனி விருந்தாளிகளோடு வாசலில் நின்றிருந்தார்.

ப்லோவ்திவ் நகரத்து ஆய்வுக்கூடம் அது. பாக்டீரியாவை உடைத்துச் சாற்றை மட்டும் எடுத்து, வேண்டிய புரதத்துக்கான டிஎன்ஏவைச் சேர்த்து வெதுவெதுப்பாக வைப்பார்கள். உயிருள்ள செல் இல்லாமலே சாறு புரதத்தைச் செய்து கொடுத்துவிடும். ரலிட்சாவின் புரதம் வந்தால் நீல விளக்கில் பச்சையாக ஒளிர வேண்டும். இரண்டு மாதமாக ஒளிரவே இல்லை.

இன்று காலை ஒளிர்ந்தது. வருகிற வழியில் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, பேராசிரியரைக் கூப்பிட ஓடினாள். இந்த மாதத்தோடு அவள் வேலை முடிகிறது. பச்சை வந்தால் நீட்டிப்பு என்று அவர் சொல்லியிருந்தார். கணவருக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது.

"கண்ணப் பொடனியிலயா வச்சிருக்கீங்க, ஸ்டாய்னா?" என்றார் ஹாஜியெவ், விருந்தாளிகள் முன்னாலேயே.

"என் தப்புதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள் ஸ்டாய்னா.

ரலிட்சாவிடம் அவர் கோபப்படவில்லை. விருந்தாளிகள் அடுத்த வாரம் திரும்பி வருவார்கள், அதற்குள் இன்னொரு தடவை செய்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இருபது வருஷமாக இங்கேயே கிடக்கிறாள், நேற்று வந்தவள் பேர் வாங்கினால் வயிறு எரியாதா என்றார்கள். ரலிட்சா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பனிட்ஸா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தை எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். ஸ்டாய்னாவின் மேசையைத் தாண்டிப் போய்விட்டாள்.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகும் ஸ்டாய்னா ரலிட்சாவின் மேசையை மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரலிட்சாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"உங்களுக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணேன்?"

ஸ்டாய்னா துணியைக் கீழே வைத்தாள். "சரிபாக்கறதுக்குன்னு டிஎன்ஏ போடாம ஒரு குழாய் வைப்போமே, அதப் பாத்தியா?"

"அதுல என்னக்கா இருக்கு பாக்க? அது சும்மா சாறு. இருட்டாத்தானே இருக்கும்."

"அதுவும் பச்சையா இருந்துச்சுடி."

ரலிட்சாவுக்கு அப்போதுதான் புரிந்தது. புரதத்தைச் செய்யச் சொல்லாத குழாயிலும் பச்சை என்றால், வந்தது புதுப் புரதமே இல்லை. எங்கிருந்தோ பழைய பச்சை ஒட்டிக்கொண்டு எல்லாக் குழாயிலும் கலந்திருக்கிறது.

"நீ அவரைக் கூப்பிடப் போனப்பதான் பாத்தேன். சொல்றதுக்குள்ள நீயும் அவரும் வாசலுக்கே வந்துட்டீங்க. அவரு மொதல்ல எடுக்கறது அந்தக் குழாயத்தான்."

"அதுக்காக நீங்க ஏன்க்கா எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினீங்க?"

ஸ்டாய்னா மறுபடி துணியை எடுத்துக்கொண்டாள்.

"எனக்குக் கை நடுங்குதுன்னுதானே பேரு வரும். உனக்கு ஏமாத்துக்காரின்னுல்ல பேரு வந்திருக்கும்."