மூன்று மணிக்கு முடிந்த வேலை

"இதப் பாரும்மா. ஆக்சிடென்ட் ஒன்னு நாப்பதுக்கு. வேலை முடிஞ்சது மூனு மணிக்கு. கன்னையா பேருதான் விழுந்திருக்கு."

கம்ப்யூட்டர் பதிவை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதத்தை மேனேஜர் சிவசம்பு இரண்டு கையாலும் நீட்டினார். சீதாலெட்சுமி அதை வாங்கிப் புருஷனின் படத்துக்கு முன்னால், படையல் இலையை ஒட்டி வைத்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கன்னையா கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். கம்பெனிக்கு ஒன்பது கிளைகள், கிளைக்கு ஒரு செர்வர். நாலு மாதத்தில் இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது அவை தேதி குழம்பி நின்றுவிடாமலிருக்க, ஒவ்வொன்றிலும் 'பேட்ச்' என்று ஒரு திருத்தத்தைப் போட வேண்டும். சிடியைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாகக் காரில் அலைவதுதான் வழக்கம். ஒரு சுற்று முடிய ஒரு வாரம் ஆகும்.

அந்தச் சனிக்கிழமை புதுச் சிடியோடு முதல் கிளைக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. தெலுக் பங்லிமா காராங் போகும் வழியில், கொட்டுகிற மழையில், கார் ஒரு கண்டெய்னர் லோரிக்கு அடியில் போய்விட்டது. சிடி சீட்டுக்கு அடியில் உடைந்து கிடந்தது.

"தெலுக் மட்டும் இல்லம்மா. காஜாங், ஷா ஆலம், ரவாங்... ஒன்பது கிளையும் அதே மூனு மணிக்கு! உயிரோட இருந்தா ஒரு வாரம் ஆகும் லா. உடம்புன்னு ஒன்னு இருந்தாத்தானே ரோட்டுல போகணும்?"

சிவசம்பு ஆயுத பூஜையன்று லோரிக்கு வைத்த சந்தனத்தில் மிச்சத்தைச் செர்வருக்கும் வைக்கிறவர். அவருக்கு இதில் துளிகூடச் சந்தேகமில்லை. காஜாங் கிளையில் வேலை செய்யும் தனலெட்சுமி அன்றிலிருந்து செர்வர் அறைக்குள் செருப்போடு போவதில்லையாம்.

சீதாலெட்சுமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புறப்படும்போது கன்னையா சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்: "இன்னைக்குத் தெலுக் மட்டும்தான். மூனு மணிக்குள்ள முடிச்சிட்டு நாலு மணிக்கெல்லாம் வந்துடுறேன்." சரியாக நாலு மணிக்கு வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கேட் திறந்து கிடந்தது, ஆளில்லை. போலீஸ் வந்தது நாலரைக்கு.

அதற்குப் பிறகு தினமும் நாலு மணியானால் கேட்டைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு கோப்பை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தங்கச்சி ஒரு மூலையில் அழுதாள்.

இப்போது காகிதமே சாட்சி சொல்கிறது. சொன்ன வேலையை முடித்துவிட்டு, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார் மனிதர். பதினாறு நாளில் முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசானது. அந்த ஒன்று போதும், மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம் என்று தோன்றியது.

எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ராதாகிருஷ்ணன் மட்டும் போகவில்லை. கன்னையாவுக்குப் பக்கத்து மேசைக்காரன்; ஐந்து வருஷமாகக் கூடவே வேலை பார்த்தவன். அவன் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தக் காகிதத்தின் பக்கம் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"சாப்பிடு தம்பி. அண்ணன் பாத்துக்கிட்டிருக்காரு" என்றாள் சீதாலெட்சுமி.

அவன் இலையை மெல்லத் தள்ளி வைத்தான்.

"பயந்துட்டியா? உன்ன ஒன்னும் செய்யமாட்டாரு லா. உன்மேல அவருக்கு உசிரு."

"அண்ணி, ஒன்னு சொல்லணும். அந்தப் பேட்ச் போட்டது அண்ணன் இல்ல."

"பின்ன?"

"நான் ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். ஆபீஸ்லேர்ந்தே டெலிபோன் லைன் வழியா ஒன்பது செர்வருக்கும் தானா போட்டுடும், ஆளே வேணாம். மூனு மணின்னு டைம் வெச்சிருந்தேன். அண்ணனோட பாஸ்வேர்டுல ஓடுச்சு, அதான் அவரு பேரு வந்திருக்கு."

சீதாலெட்சுமி சட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வரி. ஒன்பதிலும் மூன்று மணி. அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது.

"எப்ப எழுதின?"

"அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ரெடி அண்ணி. சனிக்கிழமை ஓட விட்டுட்டு, திங்கக்கெழம மேனேஜர் முன்னால காட்டி அசத்தலாம்னு யாருகிட்டயும் சொல்லல."

"அண்ணன்கிட்டகூடவா?"

ராதாகிருஷ்ணன் தலையைத் தொங்கப்போட்டான். "அன்னைக்குச் சிடிய எடுத்துக் கையில குடுத்ததே நான்தான்."

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. கேட்டைத் திறந்துவைக்க அவள் எழுந்திருக்கவில்லை. படத்தைப் பார்த்தாள், பிறகு எதிரே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள்.

"அப்ப அவரு எதுக்குத் தம்பி போனாரு?"