தொய்ந்த செயின்

“செயின் ரொம்பத் தொங்குதும்மா. பார்த்தாலே பயமா இருக்கு” என்றார் அப்பா.

அவள் ஒர்க்‌ஷாப் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, எதிரே நின்ற ஏ.டி.வி.யின் சீட்டில் வைத்தாள். மேடு பள்ளம் பார்க்காமல் ஓடுகிற அந்த நாலு சக்கர வண்டியை, ஊர் ஊராகப் போய்ப் பழைய வண்டி பிடித்து வரும் தரகர் நேற்றுதான் சரிபார்க்க விட்டுப் போயிருந்தார்.

“மொதல்ல எஞ்சின் ஆஃப்ல இருக்கான்னு பாருங்கப்பா. விரல் மாட்டுச்சுன்னா அவ்வளவுதான்.”

“ஆஃப்தான், ஆஃப்தான்.”

“நியூட்ரல்ல போட்டு, செயினுக்கு நடுவுல விரல் வெச்சுத் தூக்குங்க. எவ்வளவு ஆடுது?”

“ரெண்டு இஞ்ச் இருக்கும்.”

சொல்லிக்கொண்டே அவளும் எதிரே இருந்த செயினைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்தில் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டர் முகமூடியைத் தூக்கிச் சிரித்தார். “கையில ஒரு வண்டி இல்லாம உனக்கு வாயே வராதா?”

அவள் ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நொண்டியடித்தது. ‘சாப்ட்டியா?’ ‘சாப்ட்டேன்.’ ‘அங்க மழையா?’ ‘இல்ல.’ அதோடு சரி. வண்டி என்று ஆரம்பித்தால் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

அவர் இருப்பது தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு; தோட்டத்தைச் சுற்றிவர அவர் வாங்கியதும் ஒரு ஏ.டி.வி.தான். கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. அவளுக்கும் வாடகை அறையில் பேச்சுத்துணை மின்விசிறிதான், அதுவும் ஒரே பாட்டு. ஞாயிறு மதியம் இந்த போன் வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“பின் அச்சு போல்ட்டை லூஸ் பண்ணுங்கப்பா, முழுசாக் கழட்டிடாதீங்க. அச்சைப் பின்னால தள்ளி, செயின் ஒரு இஞ்ச் ஆடுற மாதிரி வெச்சு இறுக்குங்க.”

“ஆச்சு.”

“அதுக்குள்ளயா?”

“உங்கப்பன்னா என்னன்னு நெனச்சே?”

அவள் இன்னும் முதல் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“வண்டிய லேசா உருட்டிட்டு, செயின் இறுக்கமா வர்ற எடத்துல திரும்பவும் அளந்து பாருங்க. முழங்கால் பத்திரம்.”

“உருட்டிட்டேன். சரியா இருக்கு.”

“எஞ்சின் ஆயில்?”

“குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோடு வரைக்கும் நிக்குது.”

“அப்ப ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்கப்பா. சத்தம் எப்படி இருக்குன்னு நான் கேக்குறேன்.”



“பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குதும்மா” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

“அய்யய்யோ, அப்ப வேண்டாம்ப்பா. தூங்கட்டும்.”

“அடுத்த வாரம் என்ன பாக்கணும்?” அந்தக் கேள்வியில், எங்கே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் இருந்தது.

“ஏர் ஃபில்டர். அப்புறம் பிளக், பிரேக்... வேலை கெடக்குப்பா ஏகப்பட்டது. நீங்க போன் பண்ணுங்க, ஒண்ணொண்ணா பாப்போம்.”

“சரிம்மா, சரிம்மா” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

அவளுக்குக் கையெல்லாம் கிரீஸ், முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. “முழங்கால் வலியோட பெரியவருக்கு எதுக்கு இந்த ரோதனை? பேசாம அந்த வண்டிய வித்துடச் சொல்லேன்.”

அவள் பின் அச்சின் கடைசி போல்ட்டை இறுக்கினாள்.

“வித்துட்டாருண்ணே. இதுதான் அது.”