இரண்டு சொட்டு எண்ணெய்

"எண்ணெய் ஊத்துனீயளா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்."

பிரிஸில்லா பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருந்தாள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், தேவமணியின் ரிப்பேர் கடையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. மேசைமேல், அறைக் காற்றை ஈரமாக்கும் அவளுடைய ஹியூமிடிஃபையர், வெள்ளைச் சொம்பு போல, மூடி திறந்து கிடந்தது.

"ரெண்டே சொட்டுதான் அண்ணாச்சி."

"என்ன எண்ணெய்?"

"ஜெபக் கூட்டத்துல பாஸ்டர் ஜெபிச்சுத் தந்தது. நெத்தியில பூசுனா எங்க வீட்டுக்காரரு துடைச்சிருவாரு. அதான் தண்ணில விட்டேன். மூச்சோட உள்ள போகட்டும்னு."

"நல்லா தாளிச்சிருக்கீய!" தேவமணி சிரித்தார். "இது தண்ணிக்கு மட்டும் உள்ள மிஷின் டீச்சர். எண்ணெய் பட்டா ஆவி வராது. தண்ணியையும் தினம் மாத்திக் கழுவணும். இல்லன்னா அழுக்கத்தான் மூச்சுல இழுப்பீய."

"சரி, கழுவுதேன். இன்னைக்கே சரிபண்ணித் தாங்க. இது இல்லாம அவருக்கு உறக்கம் கிடையாது."

தேவமணி அடிமூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தவர், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சா அண்ணாச்சி?"

"இல்ல... சாருக்கு என்ன வேலை?"

"பஸ் டிரைவர். காலைல அஞ்சு மணி பாபநாசம் வண்டி." அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "மூணு மாசத்துக்கு முன்னால ஓட்டும்போதே ஒரு நொடி கண்ணு அசந்துட்டாரு. வண்டி வயல் ஓரம் வரைக்கும் போயிட்டு. கண்டக்டர் போட்ட சத்தத்துலதான் முழிச்சாரு. அம்பது பேரு அண்ணாச்சி, வண்டி நிறைய."

"அய்யோ."

"ஏசி காத்துல தொண்டை காஞ்சு, விடிய விடிய இருமுவாரு. டாக்டர்தான் இத வாங்கி வைக்கச் சொன்னாங்க. வாங்குன நாள்லேருந்து இருமல் இல்ல, புரளல் இல்ல. கட்டை மாதிரி கிடக்காரு."

"நீங்க உறங்குதீயளா?"

"நான் எங்க உறங்க? அவரு மூச்ச எண்ணிக்கிட்டே கிடப்பேன். அசைஞ்சா முழிச்சிருவாரேன்னு ஒரே பக்கமா. கை மரத்துப்போவும்." அவளுக்குக் கொட்டாவி வந்தது, அதைச் சிரிப்பாக மாற்றப் பார்த்தாள். "மூணாங் கிளாஸ் டீச்சர் உறங்கிட்டா பிள்ளைங்க ஆட்டம் போடும், அவ்வளவுதான். டிரைவர் உறங்கப்படாதுல்லா?"

தேவமணி பஞ்சால் துடைத்தார். தண்ணீர் நிரப்பிப் பொத்தானை அழுத்தினார். மேசைமேல் மெல்லிய வெண்மை எழுந்தது, மலையை மறைக்கிற காலைப் பனி மாதிரி. பிரிஸில்லா முகத்தை அதன் பக்கம் சாய்த்தாள். கண்கள் மூடின. உட்கார்ந்தபடியே அவள் எங்கோ போய்விட்டு, திடுக்கிட்டுத் திரும்பி வந்தாள்.

"கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு அண்ணாச்சி."

எந்திரத்தைப் பைக்குள் வைத்து, குழந்தையைத் தூக்குவது போல இடுப்போடு அணைத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்று திரும்பினாள்.

"அவரு இந்தப் பக்கம் வந்தா, நான் உறங்காதத மட்டும் சொல்லிராதீய. தெரிஞ்சா அவரும் முழிச்சுக் கிடப்பாரு."

அவள் தெருவில் இறங்கிவிட்டாள். ரிப்பேர் செய்த எல்லாவற்றுக்குள்ளும் தேதி எழுதி ஒரு சீட்டு ஒட்டிவிடுவது தேவமணியின் வழக்கம். அந்த அடிமூடிக்குள் போன வியாழக்கிழமை தேதி, அவர் கையெழுத்திலேயே இருந்தது.

அன்றைக்கு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"ஜெப எண்ணெய் நாலு சொட்டு விட்டுட்டேன் அண்ணாச்சி, வீட்டுக்காரி நல்லா உறங்கட்டும்னு. எனக்கு மூணு மாசமா பொட்டு உறக்கம் இல்ல. இருமல அடக்கிக்கிட்டு, கண்ண மூடிச் சும்மா கிடக்கேன். பாவம், அவளாவது உறங்குதாளே. அவட்ட மட்டும் சொல்லிராதீய."