ஆறு மணி ஷேவிங்

"கன்னத்துல ஒரு முடிகூட இல்லையேண்ணே, எதை வழிக்கிறது? நானும் அஞ்சு மாசமா பாக்குறேன், தினமும் டாண்ணு ஆறு மணிக்கு வந்து உக்காந்துடுறீங்களே, ஏன்?" சலூன்காரர் கேட்டேவிட்டார்.

கொத்தனார் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "வேலை முடிஞ்சா காலு தானா பிராந்திக்கடைக்குப் போவும் தம்பி. கழுத்துல கத்தி இருந்தா எந்திரிச்சு ஓட முடியாதில்ல? இப்ப நாக்கு அதைத் தேடல. நாளையிலேருந்து வரமாட்டேன்."

சலூன்காரரின் முகம் செத்துப்போனது. "காசே வேணாம்ணே, சும்மா வந்து உக்காருங்க."

"யாவாரம் அவ்ளோ மோசமா?"

"அதில்லண்ணே. முன்னெல்லாம் அஞ்சரைக்கே கடையைச் சாத்திட்டு நானும் அங்கதான் போவேன். நீங்க வருவீங்களேன்னுதான் இப்ப போகாம இருக்கேன்."

கொத்தனார் அவரையே உற்றுப் பார்த்தார். "அட, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நாளைக்கு அஞ்சரைக்கே வந்துடுறேன்."